தேய்வதற்கென்றே ஒரு பாகம்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,000 கிலோ காரிடம் ஏறத்தாழ 386 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தினால், அதில் பெரும்பகுதி சில நொடிகளில் வெப்பமாகிவிடும். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். சுழலும் இரும்பு டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடித்து இந்த வேலையைச் செய்பவை பிரேக் பேடுகள்.

1888இல் பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனபோது, வழியில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோல் அடித்துக்கொண்டார். தேயும் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் அந்த முறைதான் இன்றும் தொடர்கிறது. புதிய பேடில் உராயும் பொருள் ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றியாக வேண்டும்.

பேடு இவ்வளவு தேய்ந்தும் பெடல் மட்டும் இறங்குவதில்லை. அதற்குக் காரணம், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் வளையம். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். வளையமும் அதோடு சற்று வளையும். காலை எடுத்ததும் ரப்பர் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பேடு தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னேறி அங்கேயே நின்றுகொள்ளும். பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்புவதால், பானெட்டுக்கு அடியில் உள்ள டப்பாவில் அதன் மட்டம் மெல்லக் குறையும்.

இது புரிந்தால், வீட்டில் முன் சக்கரப் பேடுகளை மாற்றும்போது எதைத் தவறவிடக் கூடாது என்பதும் புரியும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டையும் வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். ஆயில் வரும் ஹோஸில் அது தொங்கினால் ஹோஸ் சேதமாகும். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

தடித்த புதுப் பேடுக்கு இடம் வேண்டும். அதற்காக பிஸ்டனைக் கிளாம்ப் கொண்டு மெதுவாக உள்ளே தள்ளும்போது, ஆயில் டப்பாவுக்கே திரும்பி வரும். இடையில் யாராவது ஆயில் ஊற்றியிருந்தால் வழிந்து பெயின்டை அரித்துவிடும்; ஆகவே டப்பாவைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். உராயும் பரப்பில் கிரீஸ் படவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும் என்பதால், இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பிஸ்டன் ஆழத்தில் இருக்கும். பேடு டிஸ்க்கைத் தொட்டிருக்காது. அந்த நிலையில் வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிறகு ஆளில்லாத சாலையில், நடுத்தர வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் சில முறை வேகத்தைக் குறையுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்த பிறகே பிடிப்பு முழுமை பெறும்.

ஆயில் கசிந்தாலோ, டிஸ்க்கில் ஆழமான கீறல் தெரிந்தாலோ, பின் சக்கரத்தில் மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தாலோ மெக்கானிக்கிடம் விடுவதே சரி. மற்றபடி, காரணம் தெரிந்து செய்பவர் ஒரு படியையும் தாண்டமாட்டார். பிரேக் வேலைக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான்.