சிங்கப்பூரில் புதுக் குடித்தனமா? ராஜினாமாவுக்கு முன் இதைப் பேசுங்கள்!

சேலம், நாமக்கல் பக்கம் கல்யாணம் முடிந்து, திருச்சியில் விமானம் ஏறும் தம்பதிகளுக்கு சிங்கப்பூர் அந்நிய ஊராகத் தெரியாது. அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ரயிலில் தமிழ் அறிவிப்பு கேட்கும். தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்கும்.

சில விஷயங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது; மீறினால் அபராதம். உணவுக் கடைகளில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும். கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு ஒன்பதரைக்கு அம்மா போன் செய்தால் அங்கே நள்ளிரவு!

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பகல் பொழுதுதான் பிரச்னை. கணவரின் 'டிபெண்டன்ட் பாஸ்' துணையோடு போகும் மனைவி, 2021 மே 1 முதல், அங்கே ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்க தனியாக 'வொர்க் பாஸ்' பெற வேண்டும். அதற்கு அந்த நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் இங்கே வேலையை விட்டுவிட்டுப் போனால், நாள் முழுக்க நாலு சுவர்தான் துணை.

பெட்டியில் என்ன வைப்பது என்று பத்து நாள் பேசுகிறோம். அவள் அங்கே என்ன செய்வாள் என்று ஒரு நாளாவது பேசலாமே!