கரப்பானும் அக்கியும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களோடு அங்கத்தினர்களின் கைகளும் நம் கண்ணில் படுவதுண்டு. சாயத்தொட்டியில் நூல் நனைப்போரின் விரலிடுக்குகள் வெடித்துச் செதிலோடிச் சிவந்திருக்கும். காஸ்டிக் சோடா போன்ற சரக்குகள் தோலின் எண்ணெய்ப் பசையைப் போக்குவதால் உண்டாகும் அழற்சி அது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஆனால் கரப்பான் முதலிய அழற்சியுள்ள தோலில் வைரஸ் கிருமி புகுமாயின் நிலைமை வேறாகிவிடுகிறது.

வைரஸ் இன்னதென்று பட்டுப்புழு வளர்ப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பால்புழு நோய் கண்ட புழு கணுக்களிடையே உப்பி, பால்போன்ற நீரைக் கசியவிடுவது வைரஸின் வேலையே. (அந்த வைரஸ் மனிதரைப் பற்றாது, அஞ்ச வேண்டாம்.) உயிரணுவுக்குள் புகுந்தாலன்றி எந்த வைரஸும் பெருக இயலாது.

நல்ல தோல், இழை நெருங்க நெய்த துணி போன்றது. கரப்பானில் இழை தளர்கிறது. அத்துடன், கிருமிகளைத் தடுக்கத் தோல் தானே சுரக்கும் பொருள்களும் குறைகின்றன. உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸ் சாதாரணமாகப் பத்து நாட்களில் அடங்கிவிடும். அக்கொப்புளமுள்ள ஒருவர் கரப்பான் கண்ட குழந்தையை முத்தமிட்டால், சில நாட்களில் ஒரே அளவான கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து, உடைந்து, துளையிட்டாற்போன்ற புண்களாகும், காய்ச்சலும் வரும். வியன்னாவின் காப்போசி என்ற மருத்துவர் 1887-இல் இதை விவரித்தார். பெரியம்மைத் தடுப்பூசி வழக்கிலிருந்த காலத்தில், அம்மைப்பாலில் இருந்த வைரஸும் கரப்பான் உள்ளவர் உடலில் இவ்வாறே பரவி உயிருக்கு ஆபத்தானதுண்டு.

இதை அம்மை என்று கருதி, வேப்பிலை செருகி, குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பெருந்தீங்கு. வேப்பிலையை நாம் குறை கூறவில்லை. மருத்துவமனைக்குப் போகாதிருப்பதையே கூறுகிறோம். அசைக்ளோவிர் என்னும் மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் குழந்தை பிழைக்கும். தாமதித்தால் உயிரே போகக்கூடும். கடையில் தாமே வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் புண்ணின்மேல் பூசுவது நோயை வளர்க்கவே செய்யும்.

அக்கியின் கதை வேறு. சின்னம்மை கண்டு தேறியவரின் நரம்பு வேர்களில் அந்த வைரஸ் பல்லாண்டு உறங்கி, முதுமையிலோ உடல் நலிவிலோ விழித்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. எரிச்சலும் வலியும் முன்னரே தோன்றும். குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இரண்டு மூன்று வாரங்களில் கொப்புளம் தானே உலரும். பெயர் காவிக்குப் போகிறது! ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்புவலியைக் காவி தடுப்பதில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நலம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ எழுந்தால் அன்றே காட்ட வேண்டும். பார்வைக்கே கேடு நேரலாம்.

பென்னாகரம், அரூர்ப் பக்கத்தார் இதற்காகச் சேலம் வரை செல்ல வேண்டியதில்லை. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

சாயமிடுவோர் ரப்பர் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் கை கழுவித் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நன்று. கையுறைச் செலவை நிர்வாகக் குழு தீர்மானித்து எழுதிவைக்குமாயின், ஆய்வின்போது நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.