ஆடும் தகரமும் பாடும் போல்ட்டும்

குழந்தையின் தொட்டிலுக்கு மேலே கிளி பொம்மைகளைக் கட்டித் தொங்கவிடுகிறோமல்லவா? காற்று வீசினால் ஒன்று இப்படித் திரும்பும், இன்னொன்று அப்படித் திரும்பும். அதைப் போலவே தகரத்தையும் கம்பியையும் கொண்டு பெரிது பெரிதாகச் செய்து, "இதுவும் சிற்பந்தான்" என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர், அமெரிக்கரான அலெக்ஸாண்டர் கால்டர். அவர் படித்தது என்னவோ இஞ்சினீயரிங்!

இந்த ஆடும் சிற்பங்களைப் பற்றி 1950-இல் ஹெர்பர்ட் மாட்டர் என்பவர் சுமார் 20 நிமிஷக் கலர்ப் படம் ஒன்றை எடுத்தார். கதாநாயகி கிடையாது, காதல் கிடையாது. ஒரு சிறுவன், கடல் அலை, அசையும் இலை, அப்புறம் கால்டரின் தகர இலைகள். அவ்வளவுதான்.

சங்கீதம் ஜான் கேஜ். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் அவரை உள்ளே விடமாட்டார்கள்! தந்திகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், ரப்பர்த் துண்டு எல்லாவற்றையும் செருகிவிடுவார். பிறகு வாசித்தால் மத்தளமும் மணியும் கலந்தாற்போல் கேட்கும். படத்தின் நடுப்பகுதியில் அந்தப் பியானோவும் இல்லை. கால்டரின் பட்டறையில் எழுந்த சத்தங்களையே டேப்பில் பிடித்து, வெட்டி ஒட்டிச் சேர்த்துவிட்டார். படத்தின் உயிரே அந்த இடந்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மனிதருக்கு ஒரு சமயம் பெரிய சோர்வு வந்தது. சோகமாக இசை அமைத்தால் சபையார் சிரித்தார்கள். பின்னே, எதற்காகத்தான் இசை அமைப்பது? பதில் ஆமதாபாத்திலிருந்து வந்தது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரியும், பக்வாஜ் வாசிப்பதில் தேர்ந்தவருமான கீதா சாராபாய், 1946-இல் நியூயார்க்கில் இருந்தார். மேல்நாட்டுச் சங்கீதம் வந்து நம் சங்கீதத்தை என்ன செய்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. கவலைப்பட்டுக்கொண்டு சும்மா இராமல், அதையே கற்றுக்கொள்ளப் புறப்பட்டுவிட்டார். கேஜ் சம்பளம் கேட்கவில்லை. "பதிலுக்கு உங்கள் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

மனத்தைத் தெளிவித்து அமைதிப்படுத்துவதே சங்கீதத்தின் நோக்கம் என்று தம் குரு சொன்னதைக் கீதா அவரிடம் எடுத்துச் சொன்னார். கேஜுக்கு அது பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது. சபையாரை அழவைக்கும் முயற்சியை விட்டு, ஓசையை ஓசையாகவே விட்டுவிடும் வழிக்கு அவர் மெல்ல மெல்லத் திரும்பினார். படத்தில் அந்தப் பட்டறைச் சத்தம் யாரையும் அழச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதுமில்லை.

கீதாவின் தங்கை கீரா மட்டும் சும்மா இருப்பாரா? அவர் கால்டரையே ஆமதாபாத்துக்கு அழைத்துவிட்டார். 1955-இல் மனைவி லூயிஸாவுடன் வந்த கால்டர், சாராபாய் வீட்டு வளாகத்தில் தங்கி, தகரத்தை வெட்டி, கம்பியை வளைத்து, சிற்பங்களோடு சில நகைகளும் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.