வெண்கலத்திற்கும் நோய் வரும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் மாணவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பாந்தியன் சாலை வந்துவிடும். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; சனி, ஞாயிறுகளில் தாராளமாகப் போகலாம். 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இவ்விடத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயல்வது கால்வலியில்தான் முடியும். முதல் முறை செல்பவர்கள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் அமராவதிச் சிற்பங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தை வெண்கலச் சிலைகளுக்கு ஒதுக்குவது நல்லது.

திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கேதான் இருக்கின்றனர். இத்தகைய சிலைகளிற் பல, மண்ணிலிருந்து கிடைத்தவை. போர்க்காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைக்கப்பட்டு, எடுப்பாரின்றிக் கிடந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஏர்முனையிலோ மண்வெட்டியிலோ தட்டுப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு அருங்காட்சியகத்தை அடைந்தன. மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த சிலை, வெளியே வந்த சில மாதங்களிலேயே பொடிப்பொடியாக உதிரத் தொடங்குவதுண்டு. அது ஏன்?

பஞ்சலோகம் என்று நாம் சொன்னாலும் இச்சிலைகளில் பெரும்பகுதி செம்பே. அதனுடன் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்திருக்கும். செம்பில் களிம்பு ஏறுவது நமக்குத் தெரிந்ததே. எல்லாக் களிம்பும் தீயதன்று. கரும்பச்சை நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருக்கும் களிம்பு, உள்ளிருக்கும் உலோகத்துக்கு ஒரு போர்வை போன்றது. ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் களிம்பைத் துளைத்து உள்ளே சென்று, செம்புடன் கூடிக் குப்ரஸ் குளோரைடாக மாறி, வெளிக்குத் தெரியாமல் தங்கிவிடுகின்றன. காற்று அதிகம் புகாத மண்ணில் அது அடங்கிக் கிடக்கிறது. சிலை வெளியே வந்ததும் ஆக்சிஜனும் ஈரமும் கிடைக்கின்றன. உடனே அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் ஆக்சிஜனின் துணையுடன் புதிய செம்பை அரித்து, மீண்டும் குப்ரஸ் குளோரைடைத் தருகிறது. அதுவும் பொடியாகிறது, மறுபடியும் அமிலம்! கொஞ்சம் உப்பே போதும், இச்சுழற்சி நிற்காமல் நடக்கும். பொடிக்குப் பருமன் அதிகமாகையால் அது மேலுள்ள களிம்பையும் பெயர்த்துத் தள்ளுகிறது. சிலையின் மூக்கும் விரல்களும் மழுங்கிவிடும். இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர்.

ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நோய் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சென்னையிலோ 70 விழுக்காடு என்பது சர்வ சாதாரணம். கடற்காற்றின் உப்பு வேறு!

வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேற்களிம்பைக் கரைத்துச் சிலையைப் பளபளக்கச் செய்யும். ஆழத்திலுள்ள குளோரைடை முழுதும் எடுக்காது. போர்வை போய்விடும், நோய் தங்கிவிடும்.

1930-ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று ஏற்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சு முறையை ஆராய்ந்தவரும் இவரே. நோயுற்ற சிலைகளுக்கு இங்கே மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்யப்பட்டது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் சிலையை அமிழ்த்தி, அதை எதிர்மின்வாயாக்குவார்கள். சுற்றிலும் நிற்கும் இரும்புத் தகடு நேர்மின்வாய். குறைந்த மின்னோட்டத்தை நெடுநேரம் செலுத்தினால், எதிர்மின்னேற்றமுள்ள குளோரைடு அயனிகள் சிலையை விட்டு இரும்புத் தகட்டை நோக்கி நகரும். பள்ளியில் செம்பு முலாம் பூசிப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவந்தான். ஆனால் இங்கே நோக்கம் பூசுவதன்று, வெளியேற்றுவது.

பிறகு வாலை வடிநீரில் பலமுறை கழுவ வேண்டும். எத்தனை முறை? கழுவிய நீரில் சில துளி நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால் வெண்ணிறக் கலங்கல் தோன்றாத வரைக்கும்! செய்முறைத் தேர்வில் குளோரைடைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்யும் அதே சோதனை.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. உப்புடன் நல்ல களிம்பும் போய்விடலாம். ஆகையால் பிற்காலத்தில், சோடியம் செஸ்கிகார்பனேட்டுக் கரைசலில் பல வாரங்கள் ஊறவைக்கும் மென்மையான முறை கையாளப்படுகிறது. 1960-களின் பிற்பகுதி முதல் பென்சோடிரையசோல் என்னும் கரிமப் பொருளும் பயன்பட்டு வருகிறது. அது செம்பின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தடுக்கிறது. என் கருத்தில், சற்றுத் தாமதமானாலும் களிம்பைக் காப்பாற்றும் வழியே மேலானது. அந்த நிறத்தைக் காலந்தான் தர முடியும், எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாது.

சிலைகளைப் பார்க்கும்போது ஆடை மடிப்புகளையும் பீடத்தின் இடுக்குகளையும் கவனியுங்கள். கரும்பச்சை வழவழப்பு நலத்தின் அறிகுறி; ஊசிமுனை அளவில் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் அங்கே நோய் விழித்திருக்கிறது. உற்றுப் பார்க்கலாம், தொடக்கூடாது. விரல் நுனியின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது.