கோரிமேட்டு வானில் சுருள் மண்டலங்கள்

புதுச்சேரியின் வடமேற்கு எல்லையில், திண்டிவனம் போகும் சாலை தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில், செம்மண் மேடாகச் சற்றே உயர்ந்து நிற்கும் கோரிமேட்டை ஜிப்மர் ஆஸ்பத்திரியோடு சேர்த்தே ஜனங்கள் நினைப்பது வழக்கம். நோயும் கவலையுமாக வெளியூர்களிலிருந்து வந்திறங்குகிறவர்களுக்கு அங்கே வானத்தை அண்ணாந்து பார்க்க அவகாசம் ஏது? ஆயினும் அதே கோரிமேட்டில் ஒரு மொட்டை மாடியின் மீது, 6 அங்குல விட்டமுள்ள கண்ணாடி பொருந்திய தொலைநோக்கி ஒன்றையும், கல்யாண வீடுகளில் படமெடுக்க உபயோகமாகும் டிஜிட்டல் கேமரா ஒன்றையும் வைத்துக்கொண்டு, சுமார் 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திர மண்டலத்தின் சுருண்ட கரங்களைப் படமாக்கிவிட முடியும். அதற்குப் பெருந்தனம் தேவையில்லை. பொறுமையும், ஓரளவு இருட்டும் தேவை. இவ்விரண்டில் பொறுமையை மனிதன் தானே வரவழைத்துக்கொள்ளலாம். இருட்டோ ஊரார் அனைவரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டிய பொருள்.

நம் சூரியனும் கிரகங்களும் அடங்கிய பால்வீதியே ஒரு சுருள் மண்டலந்தான். நடுவில் முதிர்ந்த நட்சத்திரங்கள் நெருங்கிய மஞ்சள் நிறக் கரு. அதைச் சுற்றித் தட்டையாகப் பரந்த ஒரு வட்டு. அவ்வட்டில் வாயுவும் தூசியும் திரண்டு புது நட்சத்திரங்கள் ஓயாமல் பிறக்கும் நீலக் கரங்கள். இத்தகைய மண்டலம் ஒன்றின் சுருள் வடிவத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ராஸ் பிரபு. தம் மாளிகைத் தோட்டத்தில் நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கியின் வழியே 1845-இல் எம் 51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்து, அதன் சுழலைக் கையாலேயே வரைந்து வைத்தார். கட்டடத் தொழிலில் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் 1888-இல், லிவர்பூலுக்கு அருகே தம் சொந்தச் செலவில் அமைத்த 20 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, ஆந்திரோமிடா மண்டலமான எம் 31-இன் சுருளை ரசாயனத் தகட்டில் பிடித்தார். புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் ஒரு சூரிய குடும்பத்தையே தாம் கண்டதாக அவர் எண்ணினார். அது நம் பால்வீதிக்கு வெளியே தனித்து நிற்கும் மற்றொரு மகா மண்டலம் என்ற உண்மை, 1923-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹப்பிள் 100 அங்குலத் தொலைநோக்கியால் அதற்குள்ளே ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகே நிலைபெற்றது. அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு. ராஸ் பிரபுவும் ராபர்ட்ஸும் வானசாஸ்திரத்துக்காக ஒருவரிடமும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது; இக்கலையின் ஆரம்பமே ஆர்வலர்களின் கையில்தான் நிகழ்ந்தது.

தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். பத்திரிகைகளில் கண்ட நீலமும் மஞ்சளும் அங்கே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புகைத்திட்டு மட்டுமே தெரிகிறது. காரணம், நம் கண் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் வந்து சேர்ந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்த கணத்துக்குப் போய்விடும். அதற்குச் சேமிக்கத் தெரியாது. கேமராவோ, அஞ்சறைப் பெட்டியில் யாருமறியாமல் சிறுவாடு சேர்க்கும் குடும்பத் தலைவியைப் போல, வந்த ஒவ்வோர் ஒளித்துகளையும் செலவழிக்காமல் வைத்துக்கொள்கிறது. இரண்டு நிமிஷம் திறந்து வைத்த படம் ஒன்று; அதைப் போல நூறு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருந்தும்படி அடுக்கிக் கூட்டுவதைத்தான் இத்துறையினர் ஸ்டாக்கிங் என்கிறார்கள். நூறு படங்களைச் சேர்க்கும்போது மண்டலத்தின் ஒளி நூறு மடங்காகிறது. படத்தில் மணல் தூவியது போலத் தோன்றும் நாய்ஸோ பத்து மடங்குதான் ஆகிறது. முதல் படத்தில் ஒன்றுமே இல்லையென்று தோன்றிய இடத்தில், கரங்கள் மெல்லத் தெளிவதன் ரகசியம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு நழுவாமல் இருக்க வேண்டும். பூமி சுழல்வதால் வானம் ஒரு நாளைக்கு ஒரு தடவை, துல்லியமாகச் சொன்னால் 23 மணி 56 நிமிஷம் 4 விநாடியில், நம்மைச் சுற்றி வருவதாகத் தோன்றுகிறது. அதே வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் பொருந்திய தாங்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும்; அதற்கு வழிகாட்டுவது துருவ நட்சத்திரம். இங்கேதான் புதுச்சேரிக்காரருக்குச் சோதனை தொடங்குகிறது. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் 12 டிகிரியில்தான் நிற்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், அதற்கப்பால் ஒரு தென்னையும், அவற்றுக்கும் மேலே கடற்காற்றின் ஈரமும் அதை மறைத்துவிடப் போதும். போதாக்குறைக்கு, ஐரோப்பிய அமெரிக்க நாடுகளின் அட்சரேகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட தாங்கிகள் பல இவ்வளவு தாழ்வாகச் சாய்வதே கடினம். பலவந்தமாகச் சாய்த்தால், சமநிலைக்காக மாட்டிய இரும்புக் குண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். துருவ நட்சத்திரமே தெரியாத இடத்தில், கிழக்கிலும் தெற்கிலும் உள்ள நட்சத்திரங்கள் நழுவும் திசையைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்திக்கொள்ளும் பழைய முறை ஒன்றுண்டு. நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைச் செலவிட மனமில்லாதவருக்கு மற்ற உபகரணங்கள் எத்தனை இருந்தும் பிரயோஜனமில்லை.

வெப்பமும் ஓர் எதிரி. கேமராவின் சென்சார் ஆறேழு டிகிரி சூடேறினாலே, ஒளி படாமல் தானாகவே எழும் மின்னோட்டம் அதில் இரட்டிப்பாகிறது. நம் கோடை இரவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கேமராவை மூடி வைத்து, அதே சூட்டில் அதே நேர அளவுக்கு வெறும் இருட்டையும் படமெடுத்துப் பின்னர் கழித்துவிடுகிறார்கள். சென்சாரின் மேல் படிந்த தூசியின் நிழலைப் போக்க, அந்தி வெளிச்சத்தில் தொலைநோக்கிக் குழாயின் வாய்க்கு வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அதன் ஊடாக வரும் சீரான ஒளியையும் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு தூசியும் ஒரு சாம்பல் வளையமாகத் தெரியும். அந்த வளையங்களை வைத்துத்தான் கடைசிப் படத்திலுள்ள கறைகளை நீக்குகிறார்கள்.

புதுச்சேரிக்கும் இந்த வானத்துக்கும் உள்ள பந்தம் புதியதன்று. 1689 டிசம்பரில், சயாமிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருந்த ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார், வால்நட்சத்திரம் ஒன்றை ஆராயும்போது, தென்வானத்தின் ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரமன்று, இரட்டை என்பதைக் கண்டார். அதற்கு எண்பது ஆண்டு கழித்து இங்கே காத்திருந்தவர் கியோம் லெ ழான்தீல். சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதை அளப்பதற்காக 1760-இல் பிரான்ஸை விட்டுப் புறப்பட்டவர் அவர். புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டபடியால் 1761-இன் நிகழ்ச்சியை ஆடும் கப்பலில் இருந்தபடி அளக்க வகையில்லாமல் போயிற்று. அடுத்த தடவைக்காகக் கீழ்த்திசையிலேயே தங்கிவிட்டார். கவர்னர் ழான் லா-வின் உதவியோடு இடிந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு அவர் எதிர்பார்த்திருந்த 1769 ஜூன் 4-ஆம் தேதி காலையில், மேகம் சூரியனை முற்றிலும் மூடிக்கொண்டது. இந்தத் துயரக் கதை பிரசித்தம். பலர் அறியாதது, இவர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 1749-இல், ஆந்திரோமிடா மண்டலத்தை ஒட்டி நிற்கும் எம் 32 என்ற துணை மண்டலத்தைக் கண்டுபிடித்தவர் என்பது. ஆகையால் புதுச்சேரியிலிருந்து இன்று ஆந்திரோமிடாவைப் படமெடுக்கும் எந்த இளைஞனின் படத்திலும், பெரிய சுருளின் விளிம்பில் உருண்டையாக ஒரு சிறு ஒளிப்பொட்டு தானாகவே வந்து விழுகிறது. அது லெ ழான்தீலின் சொத்து. கோரிமேட்டுக்கு அடுத்த இலாசுப்பேட்டை அந்த லா கவர்னரின் பெயரால் வழங்குவதாகச் சொல்வார்கள். இன்று அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருப்பது அங்கேதான்.

மேகம் இன்றைக்கும் அதே குணத்தோடு இருக்கிறது. ஆந்திரோமிடா இரவில் உச்சிக்கு வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. அதே வேளையில் தெற்கே 53 டிகிரி உயரத்தில் நிற்கும் என்.ஜி.சி. 253 என்ற அழகிய சுருளும் மழைக்கு இரையாகிவிடும். தை பிறந்த பிறகு, பொழுது சாய்ந்ததும் ஆந்திரோமிடாவுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் சித்திரை மாதத்து நள்ளிரவு வேறு. அப்போது வடக்கே 55 டிகிரி உயரத்தில் ராஸ் பிரபு கண்ட எம் 51-உம், தெற்கே 48 டிகிரியில் எம் 83-உம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சிக்கோட்டைக் கடக்கின்றன. இரண்டும் முகத்தை நேரே நம் பக்கம் திருப்பிய சுருள்கள். லண்டன்வாசிக்கு எம் 83 அடிவானத்துக்கு மேல் 10 டிகிரிகூட எழும்பாது. சிட்னிவாசிக்கு எம் 51-இன் கதியும் அதுவே. துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்தி நம்மைத் தொல்லைப்படுத்திய அதே 12 டிகிரிதான், வடவானம் தென்வானம் இரண்டையும் நம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இவ்வளவு பெரிய பாக்கியத்தைக் கெடுப்பது தெருவிளக்கு. வாயுமுகில்களைப் படமெடுப்பவர்கள் ஒரு நிறத்தை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டு நகரத்தின் நடுவிலும் தப்பித்துக்கொள்ளலாம். சுருள் மண்டலத்துக்கு அந்த உபாயம் செல்லாது. அதன் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியையாவது ஓரளவு பிரித்து நீக்க முடிந்தது, வெள்ளை எல்.இ.டி. விளக்கு எல்லா நிறங்களையும் கொட்டுவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும். கோரிமேட்டிலிருந்து தென்கிழக்கே, நகரத்தின் மேல் வெளுத்துக் கிடக்கும் வானத்தில் மங்கலான கரங்கள் கரைந்துபோவதைக் காண மனம் வருந்துகிறது. இதனாலேயே வசதியுள்ளவர்கள் செஞ்சிப் பக்கம் போகிறார்கள், ஜவ்வாது மலைக்குப் போகிறார்கள். அந்த மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கி வருகிறது. லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைத்தபோது, கிராமத்தார் விளக்குகளுக்கு மூடி போடவும் ஜன்னல்களுக்குத் திரை இடவும் இசைந்தார்கள். விளக்கை அணைக்க வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒளி தரைக்கு வந்தால் போதும், வானத்துக்குப் போக வேண்டாம் என்பதே கோரிக்கை. நடக்கிற மனிதனுக்கு அதனால் குறைவு ஒன்றும் வராது. நகராட்சிக்கு மின்சாரமும் மிஞ்சும்.

இந்தப் பிரயாசையெல்லாம் வெறும் அலங்காரப் படத்துக்காகத்தானே என்று கேட்பவர்களும் உண்டு. உலகிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட ஆந்திரோமிடாவின் அருகில், அதுவரை ஒருவரும் காணாத, முழுநிலவைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள ஒரு மெல்லிய ஆக்ஸிஜன் ஒளிவளைவு இருப்பதை 2023 ஜனவரியில் அறிவித்த குழுவில், அதைக் கண்டெடுத்தவர்கள் யான் சேந்தி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற ஆர்வலர்கள் மூவர். கருவி, வெறும் 106 மில்லிமீட்டர் லென்ஸ். செலவிட்டது 100 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒளி. அந்த வளைவு ஆந்திரோமிடாவின் பக்கத்தில் உள்ளதா, அல்லது நம் பால்வீதியைச் சேர்ந்த வாயுப்படலம் குறுக்கே நிற்கிறதா என்பதைத் தொழில்முறை விஞ்ஞானிகள் பெரிய தொலைநோக்கிகளைக் கொண்டு இப்போது விசாரித்து வருகிறார்கள்.