இலக்கமுறைத் தொலைக்காட்சியும் இடர்காப்போர் அழைப்பும்

தொலைக்காட்சி என்றதும் நாடகமும் செய்தியும் விளையாட்டுமே நம் நினைவில் எழும். எனினும், படங்களைக் கொண்டுவரும் அவ்வலையே தீயணைப்போரைத் துயிலெழுப்பி அழைக்கும் தூதாகவும் அமையவல்லது. அஃது எவ்வாறென ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தீயணைப்போருட் பெரும்பாலோர் தொண்டர்களே. அவர்கள் பகலிலே தத்தம் தொழிலைச் செய்து, இரவிலே வீட்டில் உறங்குவோர். ஓரிடத்தில் தீப்பற்றின், இடுப்பிற் செருகிய பேஜர் என்னும் சிறு கருவி ஒலித்து அவர்களை அழைக்கும். அவ்வழைப்புச் சில நிமிடம் தாமதிப்பினும் உயிரிழப்பு நேரலாம்.

கைத்தொலைபேசி இருக்க வேறொரு வழி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். கைத்தொலைபேசி வலையமைப்பின் கொள்ளளவை அதனைப் பயன்படுத்துவோர் தமக்குட் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். பேரிடர் நேருங்கால் யாவரும் ஏககாலத்தில் அழைக்க முற்படுவர், நெரிசல் மிகும், வழி அடைபடும். 2001 செப்ரெம்பர் 11 ஆம் நாள் நியூயோர்க் நகரில் இந்நிலை நேர்ந்தது. ஒலிபரப்பின் இயல்போ வேறு. கோயில் மணியோசையை ஒருவர் கேட்பினும் ஊரே கேட்பினும் அடிப்பவர்க்கு உழைப்பு ஒன்றே. அதுபோலவே, கோபுரத்தினின்று பரவும் அலையைப் பத்துப் பேர் பெறினும் பதினாயிரவர் பெறினும் நெரிசல் இல்லை.

இனி, இலக்கமுறையின் சிறப்பை நோக்குவோம். அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் 2009 யூன் 12 இல் பழைய முறையைக் கைவிட்டன. இலக்கமுறையிலே படமும் ஒலியும் 0, 1 என்னும் குறிகளாக மாறி, சிறு சிறு பொதிகளாகச் செல்லும். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, 2009 இல் வழங்கிய முறைப்படி, செக்கனுக்கு ஏறத்தாழ 194 இலட்சம் பிட்டுகளைச் சுமக்கும். அதில் ஒரு பகுதியை அவசரச் செய்திக்கென ஒதுக்கலாம். பொதியிலே உரியவரின் முகவரியைப் பொறித்து, உள்ளீட்டை மறைகுறியாக்கி விடுப்பின், அலை எல்லா வீட்டையும் கடந்து சென்றாலும் உரிய கருவி மாத்திரமே அதனைத் திறக்கும். எரியும் கட்டடத்தின் வரைபடத்தையும் நேரடிக் காட்சியையும் இவ்வாறே அனுப்பலாம்.

1953 இல் ஹூஸ்ரன் நகரில் அந்நாட்டின் முதலாவது பொதுக் கல்வித் தொலைக்காட்சியாகத் தோன்றிய நிலையத்தின் அலைவழியே இம்முறை பரீட்சிக்கப்பட்டது. 2017 நவம்பரிலே அனுமதிபெற்ற புதிய ஒலிபரப்பு நியமத்தில், உறங்குநிலையிலுள்ள கருவியை விழிப்பிக்கும் குறியும் இடம்பெற்றுள்ளது. வட கரோலினாவிலே இந்நியமத்தைக் கொண்டு தீயணைப்போரை அழைக்கும் சோதனையும் நடைபெற்றது.

இம்முறைக்கும் குறையுண்டு. ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. அழைப்புக் கிடைத்ததா, எவர் வருகின்றார் என்பதை அது திரும்ப அறிவியாது. அம்மறுமொழிக்குத் தொலைபேசியோ வேறு வானொலிக் கருவியோ வேண்டும். ஆதலின் இதனைப் பிற வழிகளுக்கு மாற்றாகக் கொள்ளாது, துணையாகக் கொள்ளலே தகும். ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழி திறந்திருத்தலே உயிர்காக்கும் பணிக்கு உறுதி பயப்பதாகும்.