முதியோர் பாதங்கள்: வலிக்காத புண்ணைக் கவனியுங்கள்

பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்குச் செல்லும் முதியோர் சிலர், பாதத்தில் புண் இருப்பதை அறியாமலேயே எங்களிடம் வருகின்றனர். நீண்டகால நீரிழிவு நோய் பாத நரம்புகளைப் பாதிக்கும்போது உணர்ச்சி குறைகிறது. செருப்பு கடித்தாலும், முள் தைத்தாலும் வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், சிறு புண்ணும் ஆறாமல் விரலை அகற்றும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும்.

வீட்டில் பார்த்திருப்பார்கள் என்று மையத்தினரும், மையத்தில் பார்த்திருப்பார்கள் என்று குடும்பத்தினரும் எண்ணுவதுண்டு. அதனால் எவரும் பார்ப்பதில்லை. இப்பொறுப்பு யாருடையது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

பொறுப்பேற்பவர் நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும். கழுவியபின் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். நகங்களை நேராக வெட்ட வேண்டும். செருப்பை அணியுமுன் உள்ளே கல், ஆணி உள்ளனவா எனத் தடவிப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவவும் கூடாது.

சிவப்பு, வீக்கம், கொப்புளம், கருமை, நீர்க்கசிவு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், வலி இல்லாவிடினும், அன்றே மருத்துவரை அணுகுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டறியும் எளிய பரிசோதனை அது, வலி தராது.